மார்செய்யில் எட்டுத் தேங்காய்

ஜூன் 9, திங்கள்

உலகு, நீ கேட்டதால் எழுதுகிறேன். பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இந்த நோட்டை நீ செருகியதைப் பார்த்தேன். "ஏழு தடவை சீமைக்குப் போயிட்டு வந்துட்டிய. என்ன பாத்தியன்னு கேட்டா, அடுப்பு நல்லா எரிஞ்சுதுங்கிய. சட்டைய மோந்து பாத்தா பெருங்காயந்தான் அடிக்கி. இந்தத் தடவை ஒரு ஊரையாவது பாத்து எழுதிட்டு வாங்க" என்று நீ சொன்னது நியாயம்தான். பாரீஸைப் பற்றி என்னைக் கேட்டால் ஒரு கழுவுதொட்டியின் அகல நீளம் சொல்வேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நோட்டு தொலைந்து வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவருக்கும் புரிய வேண்டுமே. நான் கோமதிநாயகம், வயது ஐம்பத்து நான்கு, திருநெல்வேலி டவுன், சைவச் சமையல். சென்னையில் ஒரு சுற்றுலாக் கம்பெனி இருபத்தெட்டுப் பேரை ஐரோப்பாவுக்குக் கூட்டி வந்திருக்கிறது. அவர்களுக்கு மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு போட நானும் பட்டமுத்துவும் பாத்திரம் பண்டங்களோடு வேனில் பின்னாலேயே வருகிறோம். அவர்கள் ஊர் பார்ப்பார்கள், நாங்கள் வெங்காயம் பார்ப்போம். பட்டமுத்து என்னோடு பதினான்கு வருஷமாக இருக்கிறான். வாயைத் திறக்க அவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

இன்று மாலை மார்செய் வந்து சேர்ந்தோம். பிரான்சின் தெற்குக் கரையில் பெரிய துறைமுக ஊர். வெள்ளிக்கிழமை வரை இங்கேதான். விடுதிக்காரர் நிலவறைச் சமையல்கட்டை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கூரையை ஒட்டி. அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன.

பங்குனிக் காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு கொஞ்சம் மந்தம் என்பது உனக்குத் தெரியும். அடைப்புதான். கடல் காற்று பட்டால் திறந்துவிடும். சமையலுக்கு ஒரு பாதகமும் இல்லை.

வியாழக்கிழமைக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. பயணிகளில் ஆவுடையப்பன் சார் பாளையங்கோட்டைக்காரர், மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"வே கோமதிநாயகம், வியாழக்கிழமையோட எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருசம். சொதி வைக்கணும்வே. எங்க கல்யாணத்துக்கு மறுநாள் உங்க அப்பாதான் சொதி வச்சாரு. நெல்லையப்பர் படம் கொண்டாந்திருக்கேன். படைச்சிட்டுத்தான் இலை போடணும்."

"வச்சிருவோம் சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

சொதி என்பது தேங்காய்ப்பால் குழம்பு. தேங்காயில் சிக்கு வாடை, அதாவது கெட்ட எண்ணெய் வாடை, இருந்தால் போச்சு. கடைசியில் ஊற்றும் முதல் பால் கொதித்துவிட்டால் போச்சு. படைக்கிற சாப்பாட்டை நாக்கில் வைத்துப் பார்க்கவும் கூடாது. படைக்காத சாப்பாட்டையே நான் அப்படிப் பார்த்ததில்லை. கரண்டி உதட்டில் பட்டால் மொத்தப் பாத்திரமும் எச்சில். ஆவியை முகர்ந்தால் உப்பு கூடுதலா, புளி பச்சையாக நிற்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். அப்பா அப்படித்தான் சமைத்தார். நானும் முப்பது வருஷமாக அப்படித்தான்.

இப்போதும் அப்படித்தான்.

ஜூன் 10, செவ்வாய் காலை

உலகு, ஒரு ஊரைப் பார்த்தேன்! இட்லியை அனுப்பிவிட்டு, ஒன்பது மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடந்து போனேன். பிரமிளா ஆச்சரியமாகப் பார்த்தது. (அதுதான் எங்கள் டூர் மேனேஜர், சென்னைப் பெண், கையில் எப்போதும் ஒரு மஞ்சள் குடை.) "மாஸ்டர், நீங்களுமா?" என்றது. "வீட்டுல உத்தரவும்மா" என்றேன்.

ஊருக்கு நடுவிலேயே கடல் வந்து நிற்கிறது. மூன்று பக்கம் தெரு, நாலாவது பக்கம் தண்ணீர். பாய்மரக் கம்பங்கள் சோளத்தட்டை மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. படகுகளை இத்தனை நெருக்கமாகக் கட்டினால் நடுவில் இருப்பவன் எப்படி வெளியே போவான் என்று பிரமிளாவைக் கேட்டேன். அதற்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் நின்று பார்த்தேன், ஒருவனும் வெளியே போகவில்லை. இன்னமும் அது எனக்குக் குடைச்சலாக இருக்கிறது.

கரையில் தூண்கள் மேல் ஒரு பெரிய பந்தல் போட்டிருக்கிறார்கள். கூரை முழுக்கக் கண்ணாடி. அண்ணாந்து பார்த்தால் நாம் தலைகீழாகத் தொங்குகிறோம். எனக்கு உச்சியில் இவ்வளவு வழுக்கை இருக்கிறது என்று நீ ஒரு நாளும் சொல்லவில்லை.

அதற்குப் பக்கத்திலேயே மீன் சந்தை. நீல நிறத் தட்டுகளில் தண்ணீர் விட்டு, மீனை உயிரோடு போட்டு விற்கிறார்கள். நம் ஆட்கள் அத்தனை பேரும் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். ஆவுடையப்பன் சார் வேறு தெருவுக்கே போய்விட்டார். நான் மட்டும் தட்டுக்கு அரை அடி தூரத்தில் நின்று, பாம்பு மாதிரி நெளிகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்கார அம்மாள் அதைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேராகக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"மாஸ்டர், உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா? எனக்கே குமட்டுது" என்றது பிரமிளா.

"ஊர் பாக்க வந்தா எல்லாத்தையும் பாக்கணும்லாம்மா" என்றேன்.

ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு ஒரு குட்டிப் படகு போகிறது. ஐந்து நிமிஷப் பயணம். போய்விட்டு அதிலேயே திரும்பி வந்தேன்.

செவ்வாய் மதியம்

எலுமிச்சை ரசம், கோஸ் பொரியல், அப்பளம். எல்லோரும் பாராட்டினார்கள். சிவகாமி அக்கா (ஆவுடையப்பன் சாரின் வீட்டுக்காரம்மா) மட்டும் ஒன்றும் சொல்லாமல் ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்கள்.

பட்டமுத்துவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நான் இறக்கி வைத்த பாத்திரத்தைப் பரிமாறக் கொண்டுபோகும் முன், ஓரமாகக் கொண்டுபோய் மூடியைத் திறந்து பார்க்கிறான். உப்பு டப்பாவை வேறு சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருக்கிறான். வயது நாற்பத்து மூன்றாகிறது, இப்போதாவது தொழிலில் அக்கறை வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய் சாயங்காலம்

இன்று ஒரு காரியம் செய்தேன். அதை எழுதமாட்டேன்.

ஜூன் 11, புதன் மதியம்

இன்று எல்லோருக்கும் மதியத்துக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாயிற்று; கோஷ்டி படகேறிப் பக்கத்துத் தீவுக்கோட்டையைப் பார்க்கப் போயிருக்கிறது. சிவகாமி அக்காவோடு சேர்த்து முட்டிவலிக்காரர்கள் பன்னிரண்டு பேர் மட்டும் விடுதியிலேயே இருந்துகொண்டார்கள். பட்டமுத்துவையும் தீவுக்கு அனுப்பி வைத்தேன். "நான் எதுக்கு அண்ணாச்சி, நீங்க போங்க" என்று நாலு தடவை சொன்னான். "ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள வந்துருவேன், அதுவரைக்கும் ஒண்ணும் தாளிக்க வேண்டாம்" என்று வாசலில் நின்று வேறு சொல்லிவிட்டுப் போனான். யார் யாருக்குச் சொல்வது!

நான் தேங்காய் தேடிப் போனேன். துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் பெரிய சாலையில் வலது பக்கம் திரும்பினால் நோவாய் சந்தை. உலகு, நம் டவுன் மார்க்கெட்டை ஐந்து பாஷையில் நடத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. மூட்டை மூட்டையாக மிளகாய். வாழைக்காய். கருணைக்கிழங்கு மாதிரி ஒன்று, ஆனால் முடி முளைத்தது. புதினாவைக் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு நடுத்தெருவில் நின்று கூவுகிறார்கள். ஒரு நெட்டை ஆப்பிரிக்கர் தேங்காய் குவித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் காதருகில் வைத்து ஆட்டி, தண்ணீர் சத்தம் கேட்டு எட்டுத் தேங்காய் பொறுக்கினேன். நான் ஆட்டுவதைப் பார்த்து அவரும் ஒன்றை எடுத்து ஆட்டிக் கேட்டார். அவருக்கு என்ன கேட்டதோ.

அங்கிருந்து பெருஞ்சீரகம் வாங்க ஒரு மசாலாக் கடைக்குள் போனேன். கடைக்கார அம்மாள் அல்ஜீரியப் பக்கம் போலிருக்கிறது, தலையில் பூப்போட்ட துணி, என் வயதுதான் இருக்கும். உள்ளே யாரோ "யமீனா" என்று கூப்பிட்டார்கள். நான் சமையல்காரன் என்று கரண்டியைக் கிண்டிக் காட்டினேன். அவ்வளவுதான், உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினாள். நான் தமிழில் பேர் சொன்னேன். ஜீரகம். பட்டை. கிராம்பு. எள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே சிரிப்பு.

பிறகு அவள் ஒரு விளையாட்டு விளையாடினாள். கைத்துண்டால் என் கண்ணை மறைத்துவிட்டு மூக்குக்கு நேராக ஒன்றை நீட்டினாள்.

ஜீரகம் என்றேன். இல்லை என்று நாக்கைத் தட்டினாள். பட்டை என்றேன். மறுபடியும் தட்டினாள். மூன்றாவது தடவை கையை விரித்தேன். துண்டை எடுத்தபோது அவள் கையில் இருந்தது ஒரு கண்ணாடிக் குப்பி, ஏதோ பூவிலிருந்து எடுத்த தண்ணீர். பக்கத்தில் நின்ற கிழவர் அந்த வாசனைக்கே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, விரல்களை ஊதிப் பறக்கவிட்டு, புருவத்தை உயர்த்தினாள். போய்விட்டதா என்று கேட்கிறாள்.

நான் என்னவோ பேசினேன். தமிழில்தான். கால் மணி நேரம் இருக்கும். அவளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, அதனால்தான் பேசினேன். பேசி முடித்தபோது நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கையில் ஒரு கிளாஸ் தேநீர் இருந்தது. சூடாக இருந்தது, தித்திப்பாக இருந்தது. புதினா போட்டிருந்தாள், இலை தெரிந்தது.

கடல் காற்று இரண்டு நாளாக நன்றாகவே வீசுகிறது.

புதன் இரவு

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

காற்று கடுமையாகி, தீவுப் படகு வரத் தாமதமானது. இங்கே இருந்த பன்னிரண்டு பேருக்கும் ஏழு மணிக்குப் பசி. பட்டமுத்து இல்லாவிட்டால் எனக்குச் சமைக்கத் தெரியாதா? சாம்பார் இறக்கினேன். அடுத்து, இருக்கிறவர்களாவது சந்தோஷப்படட்டும் என்று பருப்புப் பாயசம் ஏற்றினேன். வெல்லம் கரைந்து கொதி வந்தது. தீயைக் குறைத்துவிட்டு, ஜன்னலில் போகும் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கே ஏழரை மணிக்கும் வெயில் அடிக்கிறது. சிவப்புச் செருப்பு ஒன்று, ஒரு நாய், சக்கர நாற்காலி ஒன்று, கட்டை விரலில் ஓட்டை விழுந்த பூட்ஸ் ஒன்று. உனக்கு எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.

கூரையில் ஏதோ ஒரு மணி வீறிட்டு அலறியது. அதே நேரம் சிவகாமி அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அப்போதுதான் தீவிலிருந்து வந்த பிரமிளா. இருவரையும் தள்ளிக்கொண்டு, அதே படகில் வந்த பட்டமுத்து.

"அண்ணாச்சி! தெரு முனையிலயே அடிக்கி! இங்கன நின்னுக்கிட்டு என்ன செய்யிய?"

திரும்பிப் பார்த்தேன். என் முதுகுக்கு இரண்டடி பின்னால் பாயசம் கரிந்து புகைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, உலகு. புகையைக் கண்ணால் பார்த்த பிறகும் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

பட்டமுத்து அடுப்பை அணைத்தான். சாம்பார்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தான், முகத்தைச் சுளித்தான், சட்டைப்பையிலிருந்து உப்பு டப்பாவை எடுத்துப் போட ஆரம்பித்தான். என் கண் முன்னாலேயே.

"யாரக் கேட்டுலே என் பாத்திரத்துல கை வைக்க?"

அவன் நிமிரவில்லை. "இன்னைக்கா வைக்கேன்?"

"எப்பலேருந்து?"

"பங்குனிலேருந்து. சங்கரன்கோயில் வளைகாப்புல சாம்பாருக்கு உப்பே போடல நீங்க. அன்னைலேருந்து."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானல?"

"சொன்னா அடுப்புப் பக்கம் வருவியளா? வரமாட்டிய. அடுப்பில்லாம உங்களுக்கு நிக்கத் தெரியாது அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா?" பதினான்கு வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான். பேசிவிட்டு, கரிந்த பாத்திரத்தைத் தொட்டிக்குள் போட்டுத் தேய்க்கத் தொடங்கினான்.

மூன்று மாதம். மூன்று மாதமாக ஒவ்வொரு பந்தியிலும் பாராட்டை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டவன் நான். ரோமில் ஒரு டாக்டர் சாம்பாரைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை அவனுடையதாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவமானமாக இருக்கிறது. அதைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது. வாசம் தெரியாத சமையல்காரனை எந்தக் கம்பெனி கூட்டிப்போகும்? எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்?

நேற்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். ரசத்தை ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. ரசம் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலை ஆறு மணிக்குப் பட்டமுத்து எட்டுத் தேங்காயையும் உடைத்தான். வெள்ளை வெளேர் என்று அழகாக இருந்தன. அவன் ஒவ்வொரு மூடியாக முகர்ந்து, ஐந்து காயைத் தனியே தள்ளி வைத்தான்.

"சிக்கு நாத்தம், அண்ணாச்சி."

"ஆட்டிப் பாத்துத்தானல வாங்குனேன்."

"தண்ணி இருக்கு. தேங்காதான் இல்ல."

காப்பி நேரத்தில் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். ஆவுடையப்பன் சாரும் சிவகாமி அக்காவும் ஜன்னலோர மேஜையில் இருந்தார்கள், பிரமிளாவும் பக்கத்தில் இருந்தது. உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. "சார், எனக்கு மூணு மாசமா வாசனை தெரியல. கொஞ்சம் மந்தம் இல்ல, சுத்தமாத் தெரியல. இதுவரைக்கும் நீங்க சாப்பிட்டதெல்லாம் பட்டமுத்து சரி பண்ணுனது. இன்னைக்குச் சொதியும் அவன் மூக்கை வச்சுத்தான் வைக்க முடியும். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க" என்றேன்.

ஆவுடையப்பன் சாரின் முகம் இறுகியது. "படைக்கிற சாப்பாடுவே. யார் கைன்னே தெரியாம எப்படிப் படைக்க?"

"பத்து நாளா அந்தத் தம்பி கையத்தான சாப்பிடுதோம்" என்றார்கள் சிவகாமி அக்கா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "கோமதிநாயகம் தம்பி வச்சா இஞ்சி கொஞ்சம் தூக்கலா நிக்கும். போன வருசம் பேத்தி காதுகுத்துல சாப்பிட்டேம்லா. இது வேற கை. நல்ல கைதான். நீங்கதான் ரெண்டாந்தடவை சோறு வாங்குனிய."

பிரமிளா தலையைக் குனிந்துகொண்டு, "மாஸ்டர், இதை நான் ஆபீஸ்ல சொல்லியே ஆகணும்" என்றது.

"சொல்லுங்கம்மா. மறைச்சது போதும்."

"வைங்கவே" என்றார் சார் கடைசியில், காப்பியைப் பார்த்துக்கொண்டே.

நானும் பட்டமுத்துவும் சந்தைக்கு ஓடினோம். நெட்டைக்காரர் அப்போதுதான் கடை விரித்துக்கொண்டிருந்தார். பட்டமுத்து தேங்காயின் கண்ணில் மூக்கை வைத்து வைத்து முகர்ந்தான். எதிர்க்கடையிலிருந்து யமீனா பார்த்துவிட்டாள். தெருவைக் கடந்து வந்து அவளும் ஒன்றை எடுத்து முகர்ந்து, முகம் சுளித்துத் திருப்பி வைத்தாள். நெட்டைக்காரர் தன் மானத்தைக் காப்பாற்ற அவரும் முகர்ந்தார். நடுத்தெருவில் மூன்று பேர் தேங்காயை முகர்ந்துகொண்டிருக்க, நான் மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. ஐந்து நல்ல தேங்காய் கிடைத்தது.

கிளம்பும்போது யமீனா நேற்றைய குப்பியைப் போலச் சிறியதாக ஒன்றை என் கையில் திணித்தாள். சூரியன் ஏறுவதைக் கையால் காட்டி, மூக்கைத் தொட்டாள். சூரியன் இறங்குவதைக் காட்டி, மறுபடியும் மூக்கைத் தொட்டாள். தினமும் இரண்டு வேளை முகர வேண்டும் போலிருக்கிறது. பட்டமுத்துவைக் காட்டி, என்னைக் காட்டி, அண்ணன் தம்பியா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சொதி வைத்தோம். கரண்டியை அவனிடம் கொடுத்தேன், அவன் வாங்கமாட்டேன் என்றான். "நீங்க கிண்டுங்க, நான் மோந்து சொல்லுதேன்" என்றான். முடியாது என்று அவன் கையில் வைத்து அழுத்தினேன். நான் காய் நறுக்கினேன். பாசிப்பருப்பும் காயும் மூன்றாம் பாலில் வெந்தன, பிறகு இரண்டாம் பால். கடைசியில் முதல் பால் ஊற்றும்போது மட்டும் நான் பக்கத்தில் போய் நின்றேன். கொதி வரப்போகிற பால் ஓரத்தில் ஊசி ஊசியாய் நுரைக்கும், அதற்கு முந்தி ஒரு சத்தம் அடங்கும். அது மூக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம். "இப்ப இறக்கு" என்றேன். அதே நேரம் அவனும் இறக்கிவிட்டான். எலுமிச்சை பிழிந்தோம். இஞ்சிப் பச்சடியை மட்டும் நான் வைத்தேன். இஞ்சி தூக்கலாகத்தான் போட்டேன்.

ஒருவரும் நாக்கில் வைக்கவில்லை. சார் படத்துக்கு முன்னால் படைத்து, சூடம் ஏற்ற விடுதியில் விடமாட்டார்கள் என்பதால் வெறும் கையால் கும்பிட்டார்.

பேப்பர் இலைதான். ஆவுடையப்பன் சார் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு வெகுநேரம் மெல்லாமல் இருந்தார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க அப்பா கைவே இது! அப்படியே!"

காலையில் சொன்னதை ருசியில் மறந்துவிட்டாரோ, அல்லது எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரு மரியாதை செய்ய நினைத்தாரோ, தெரியவில்லை. இருபத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம். பழக்கத்தில் கை பாதி தூரம் மேலே வந்தேவிட்டது.

"எங்க அப்பா கை இல்ல சார். என் கையும் இல்ல. இது பட்டமுத்து கை. மூணு மாசமா எனக்கு மூக்கு இல்ல, அவன்தான் சமைக்கான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பட்டமுத்து சொதி வாளியோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சிவகாமி அக்கா, "தம்பி, இங்கன ஒரு கரண்டி ஊத்துங்க" என்று அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

கடைசியில் நானும் சாப்பிட்டேன். சூடு தெரிந்தது, உப்பு தெரிந்தது, இஞ்சிக் காரம் தெரிந்தது. மற்றதை ஞாபகத்திலிருந்து போட்டுக்கொண்டேன். பொறாமையாகத்தான் இருந்தது, உலகு. அதையும் எழுதிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பிற்பகல் வேன் கிளம்புகிறது. காலைப் பலகாரம் முழுக்கப் பட்டமுத்து பார்த்துக்கொண்டான். "நீங்க ஊரப் பாத்துட்டு வாங்க" என்று என்னை வெளியே தள்ளினான்.

பஸ் பிடித்து மலை மேல் இருக்கும் மாதா கோயிலுக்குப் போனேன். உள்ளே அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து குட்டிக் குட்டிக் கப்பல்கள் நூலில் தொங்குகின்றன. புயலில் தப்பித்து வந்தவர்கள் காணிக்கையாகச் செய்து கொடுத்ததாம். நம் கோயில்களில் வெள்ளியில் கண்ணும் காலும் வாங்கிப் போடுகிறோமே, அந்த மாதிரி. இவர்களிடம் மூக்கு இருக்குமா என்று சுவரெல்லாம் தேடினேன். இல்லை.

வெளியே கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். ஊர் முழுக்கத் தெரிகிறது, தீவு தெரிகிறது, காற்று சட்டையைப் பிய்க்கிறது. பதினோரு மணிக்கு, அத்தனை நெருக்கத்திலிருந்து ஒரு பாய்மரப் படகு வெளியே வந்தது. எப்படி வந்தது என்று பார்த்தேன். பக்கத்துப் படகுக்காரர்கள் கயிற்றைத் தளர்த்திக் கையால் தள்ளிவிடுகிறார்கள். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வந்து உனக்கு ஒரு சோப்பு வாங்கினேன். இந்த ஊர் சோப்புக்குப் பேர் போனது. கடைப் பெண் ஒவ்வொன்றாக என் மூக்கில் வைத்தது. நான் நிறத்தைப் பார்த்து, பச்சையை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வீடு. நோட்டை உலகுவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

இது உலகம்மாள் எழுதுவது. நோட்டில் இடம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று முழுக்கப் படித்தேன். கொஞ்சம் மந்தம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சித்திரை விசு அன்று பால் பொங்கி வழிந்து கரிந்தது, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கே எனக்குத் தெரியும். கேட்டால் உடைந்துபோவீர்கள் என்று பேசாமல் இருந்தேன். உங்களுக்குத் தெரியாமல் கேஸ் குழாயை மட்டும் புதிதாக மாற்றி வைத்தேன். பட்டமுத்துவும் நானும் ஒரே மாதிரிப் பைத்தியங்கள்.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த தடவை பட்டமுத்து மாஸ்டராம். நீங்கள் விரும்பினால் அவனோடு இரண்டாவது ஆளாகப் போகலாமாம். யோசித்துச் சொல்கிறார் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் மார்செய்யைக் கண்ணால் பார்த்ததை எழுதிவிட்டீர்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

அந்த அம்மாள் கொடுத்த குப்பி நாரத்தம்பூ வாசம். நாரத்தை மரம் பூத்தால் விடியற்காலையில் வருமே, அதே. காலையும் மாலையும் நானே பிடிக்கிறேன், நீங்கள் முகருங்கள்.

பச்சைச் சோப்பில் எண்ணெய் வாடைதான். துணி சோப்பு மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டீர்கள். பரவாயில்லை, குளிக்கிறேன்.

துவைக்கப் போடும் முன் உங்கள் சட்டைகளை வழக்கம் போல முகர்ந்து பார்த்தேன். ஆறு சட்டையில் பெருங்காயம். ஒரு சட்டையில், அந்தக் கோடு போட்டதில், பெருங்காயம் இல்லை. உப்புக் காற்று. வெயிலில் காய்ந்த மாதிரி, திருச்செந்தூரில் கடலோரம் நாழிக்கிணற்றுப் பக்கம் நின்றுவிட்டு வந்த மாதிரி.

அந்தச் சட்டையை மட்டும் இன்னும் நான் துவைக்கவில்லை.